கயிறு கட்டிய கல்: இரண்டு பல்கலைக்கழகத் தேநீர்த் தோட்டங்களில் ஆறு நாள்

செப்டம்பர் 25, வியாழன். வான்கூவர்

காலையில் 14 டிகிரி. மழை என்றும் சொல்ல முடியாது, இல்லை என்றும் சொல்ல முடியாது. குடை விரித்தால் வீண், விரிக்காவிட்டால் அரைமணியில் சட்டை ஈரம். 99ஆம் எண் பஸ் பிராட்வே சாலை நெடுக ஓடி பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலைக்கழகத்துக்குள் போய் நிற்கிறது. அங்கிருந்து மேற்கே, கடல் இருக்கும் திசையில், பதினைந்து நிமிட நடை. ஆசிய மையத்தின் கூரை தெரிந்தால் வழி சரி. அந்தக் கட்டடத்தின் எஃகுச் சட்டகம் 1970 ஒசாகா உலகக் கண்காட்சியில் சான்யோ நிறுவனம் போட்ட அரங்கத்தினுடையது. கழற்றிக் கப்பலேற்றிக் கொண்டுவந்து நிறுத்தியிருக்கிறார்கள். அதற்குப் பக்கத்து வேலிக்குள்தான், ஜப்பானிய முறையில் அமைத்த நிதோபே நினைவுத் தோட்டம்.

இனாசோ நிதோபே 1862இல் பிறந்தவர். விவசாயப் பொருளாதாரம் படித்தார், குவேக்கர் என்ற கிறித்தவப் பிரிவைத் தழுவினார், சர்வதேச சங்கத்தில் (லீக் ஆஃப் நேஷன்ஸ்) துணைப் பொதுச்செயலாளராக இருந்தார். பசிபிக் கடலுக்கு ஒரு பாலமாக இருக்க வேண்டும் என்பது இளவயதிலேயே அவர் சொன்னது. 1933இல் பான்ஃப் நகரில் நடந்த மாநாட்டுக்கு வந்தவர், அந்த அக்டோபரில் இதே மாகாணத்து விக்டோரியா நகரில் இறந்தார். 1984 முதல் இருபது ஆண்டு 5000 யென் நோட்டில் இருந்த முகம் இவருடையது. அவர் நினைவாக 1960இல் இந்தத் தோட்டத்தை அமைத்தவர் சிபா பல்கலைக்கழகப் பேராசிரியர் கன்னோசுகே மோரி. பரப்பு ஏறத்தாழ ஒரு ஹெக்டேர், அதாவது இரண்டரை ஏக்கர்.

மோரி செய்ததில் மெச்சத்தக்கது மரங்கள். மேப்பிள், செர்ரி, அசேலியா, ஐரிஸ் ஆகியவற்றை ஜப்பானிலிருந்து வரவழைத்தாலும், இந்த மண்ணில் ஏற்கெனவே நின்ற ஹெம்லாக் போன்ற காட்டு மரங்களை வெட்டித் தள்ளவில்லை. அவற்றையே ஜப்பானிய முறையில் கவாத்து செய்து பழக்கினார்கள். அதனால் வேலிக்கு வெளியே நிற்கும் காடும் உள்ளே நிற்கும் தோட்டமும் ஒரே துணியில் கிழித்தது போல இருக்கின்றன. கவாத்து என்றால் நுனியை மட்டம்தட்டுவது இல்லை. ஒரு கிளையின் அடியில் தொங்கும் சிறுகிளைகளை எடுத்துவிட்டு, மேலே உள்ளதைத் தட்டுத்தட்டாகப் பிரித்து, இடையில் வானம் தெரிய விடுவது. மட்டம்தட்டினால் வெட்டிய இடத்திலிருந்து நாலைந்து தளிர் கிளம்பி மேலே கூரை போல மூடிக்கொள்ளும், உள்ளே வெளிச்சம் போகாது, அடிக்கிளை காய்ந்து கருகும். நிறைய வீட்டுத் தோட்டங்களில் 'ஜப்பானிய ஸ்டைல்' என்று பந்து பந்தாகச் செதுக்கி வைத்திருப்பது இந்த நோயின் முதல் கட்டம்.

குளத்தைச் சுற்றி வந்தால் 77 மரத்துண்டுகளால் ஆன வளைவுப் பாலம். ஈரத்தில் வழுக்கும். தோல் அடிப்பாகம் உள்ள ஷூ இங்கே உதவாது. இன்று ஒருவர் கைபேசியைப் பார்த்துக்கொண்டே ஏறி, உட்கார்ந்தபடி இறங்கினார். அடி ஒன்றும் இல்லை. பின்னால் வந்த சீன மூதாட்டி கைக்குட்டையை எடுத்துக் கொடுத்துவிட்டு, அவர் வெட்கப்படாமல் இருக்க வேண்டும் என்பதற்காகவே போல, மீன்களைப் பார்க்கத் திரும்பிக்கொண்டார்.

பாதையின் ஓரத்தில் ஒரு மூங்கில் வேலி, அதற்குள் ஜப்பானியத் தேநீர் விருந்துச் சடங்குக்கான தேநீர் வீடு. இச்சிபோ-ஆன் என்று பெயர்; ஒரே பார்வையில் அகன்று விரியும் காட்சி என்ற பொருள். கதவுகள் சாத்தியிருந்தன. உள்ளே போகும் படிக்கல்லின் மேல், முட்டைக்கோஸ் அளவில் உருண்டையாக ஒரு கல். கறுப்புக் கயிற்றால் கூட்டல் குறி போலக் கட்டி, மேலே ஒரு பிடி. யாரோ மறந்து வைத்துவிட்டுப் போனது போலத்தான் தெரியும். மூன்று கால் கேமரா தாங்கியோடு வந்த ஜோடி அதைத் தாண்டிக் குதித்து உள்ளே போனது. புல் பிடுங்கிக்கொண்டிருந்த தோட்டக்காரர் எழுந்து, சத்தம் போடாமல், "அது கதவு" என்றார்.

செக்கிமோரி-இஷி, காவல் கல். இந்தப் பக்கம் வராதே என்று அதற்குப் பொருள். பலகை இல்லை, பூட்டு இல்லை.

மதியம் வளாகத்துக்குள் ராமென் 18 டாலர், வரியோடு 18.90. சூப் நன்று, முட்டை அதிகம் வெந்திருந்தது.

செப்டம்பர் 26, வெள்ளி. வான்கூவர்

இரவெல்லாம் மழை. பாசிக்குக் கொண்டாட்டம். இந்த ஊரில் ஜூலை, ஆகஸ்ட் இரண்டு மாதமும் காய்ந்து கிடக்கும். பாசி பழுப்பேறிச் செத்தது போலத் தோன்றும், ஆனால் சாகாது. செப்டம்பர் மழை இரண்டு விழுந்தால் ஒரே வாரத்தில் பச்சை திரும்பிவிடும். அதன் மேல் விழும் இலைகளை அன்றன்று எடுத்துவிட வேண்டும். ஈர இலை நாலு நாள் படிந்து கிடந்தால் அடியில் வெளிச்சம் படாமல் பாசி அழுகி வட்ட வட்டமாக உதிரும். இரும்பு வாரியால் இழுத்தால் பாசியே பாய் போலச் சுருண்டு வந்துவிடும். மெல்லிய குச்சித் துடைப்பத்தைத் தரையில் அழுத்தாமல் தடவுகிறார்கள்.

வெளியிலிருந்தே தேநீர் வீட்டைச் சுற்றிய தேநீர்த் தோட்டத்தைப் பார்க்க முடியும், ஆனால் எதைப் பார்க்கிறோம் என்று தெரிந்தால்தான் உண்டு. இந்தத் தோட்டத்துக்கு ரோஜி என்று பெயர், பனித்துளி நிலம். மற்றத் தோட்டம் கண்ணுக்கு, இது காலுக்கு. வெளி ரோஜி, உள் ரோஜி என்று இரண்டு பங்கு, நடுவில் ஒரு சிறு வாயில். வெளிப் பங்கில் கூரை போட்ட ஒரு பெஞ்சு. விருந்தாளிகள் அதில் உட்கார்ந்து காத்திருப்பார்கள். வீட்டுக்காரர் நடுவாயில் வரை வந்து, ஒரு வார்த்தை பேசாமல் தலை வணங்கிவிட்டுத் திரும்பிப் போவார். அதற்குப் பிறகுதான் எழுந்து நடக்க வேண்டும்.

நடக்கும் கற்களைக் கவனிக்கலாம். ஒரு காலடிக்கு ஒரு கல், தரையிலிருந்து மூன்று முதல் ஆறு செ.மீ. உயரம், கல்லுக்கும் கல்லுக்கும் நடுவில் ஒரு கை அகலம். தேநீர் ஆசான் ரிக்யூ, நடக்க ஆறு பங்கு பார்க்க நாலு பங்கு என்று கல் போடச் சொன்னார் என்பார்கள். அவருடைய சீடர் ஃபுருதா ஒரிபே அதைத் திருப்பிப் போட்டு, பார்க்க ஆறு நடக்க நாலு என்றாராம். எப்படி இருந்தாலும் பாதை பிரியும் இடத்தில் ஒரு பெரிய கல் இருக்கும். அங்கே மட்டும்தான் இரண்டு காலையும் ஊன்றி நிற்கலாம். நிற்கும்போதுதான் தலை நிமிரும். எனவே அந்தக் கல்லுக்கு நேராகத்தான் பார்க்க வேண்டியதை வைத்திருப்பார்கள்: விளக்குத் தூண், அல்லது ஒரு மரத்தின் வளைவு. மற்றக் கற்களில் நடக்கும்போது தலை குனிந்தே இருக்கும், வேறு வழியில்லை.

கல் பதிப்பதில் வழக்கமாக நடக்கும் தவறு, கல்லின் பருமனில் மூன்றில் ஒரு பங்கை மட்டும் புதைப்பது. ஒரு குளிர்காலம் கழிந்ததும் மண் உறைந்து உருகிக் கல் ஆடும். பாதிக்கு மேல் மண்ணுக்குள் போக வேண்டும், அடியில் மண்ணைத் தடியால் குத்தி இறுக்க வேண்டும். சிமென்ட் வைத்து ஒட்டினால் ஆடாது, ஆனால் பாசியும் ஓரத்தில் ஏறாது.

வேலி மூங்கிலின் தலையைக் கணுவுக்குச் சற்று மேலே வெட்டியிருக்கிறார்கள். கணுவுக்கு வெகு மேலே வெட்டினால் மேல்துண்டு குவளையாகி மழைநீர் தேங்கும், இரண்டே ஆண்டில் உளுத்துவிடும். முடிச்செல்லாம் ஒரே பக்கம் பார்த்து, கறுப்புச் சாயமேற்றிய பனைநார்க் கயிற்றில். ஈரமாக இருக்கும்போது கட்டுவார்கள். காய்ந்தால் இன்னும் இறுகும்.

கைகழுவும் தொட்டி வறண்டு கிடந்தது, உள்ளே நாலு மேப்பிள் இலை. சாத்திய கதவும் வறண்ட தொட்டியுமாகப் பார்த்தால் இது அருங்காட்சியகப் பெட்டி மாதிரிதான் இருக்கிறது.

1993இல் யோகோஹாமாவின் ஜென் துறவி ஷுன்ம்யோ மசுனோ இந்தத் தோட்டத்தைப் புதுப்பித்தார். கவாத்து முப்பது ஆண்டு தவறினால் மரம் வளர்ந்து காட்சியை விழுங்கிவிடும். புதுப்பிப்பது என்றால் சேர்ப்பதைவிட எடுப்பதுதான் அதிகம்.

செப்டம்பர் 27, சனி. வான்கூவர்

இன்று தேநீர் வீடு திறந்திருந்தது. கோடைகாலத்தில் குறிப்பிட்ட சில நாட்கள் மட்டும் இந்த வாய்ப்பு, முன்பதிவு செய்யாமல் போனால் திரும்பி வர வேண்டியதுதான்.

நேற்று பார்த்த அதே இடமா என்று இருந்தது. காவல் கல் ஓரமாக நகர்ந்திருந்தது. மழை விட்டிருந்தும் கற்களின் மேல் புதிதாகத் தண்ணீர் தெளித்திருந்தார்கள், வாசல் தெளித்தது போல. கல் ஈரமாக இருந்தால் வீடு தயார். காய்ந்திருந்தால் இன்னும் நேரமாகவில்லை. தொட்டியில் விளிம்பு வரை தண்ணீர், மேலே குறுக்காக மூங்கில் அகப்பை.

இந்தத் தொட்டி அமைப்புக்கு சுகுபாய், அதாவது குனிந்து உட்காருவது, என்று பெயர். முன்னால் ஏறி உட்கார ஒரு தட்டைக் கல். பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு கல்: ஒன்றில் குளிர்காலத்தில் வெந்நீர்ச் செம்பு வைப்பார்கள், மற்றதில் இரவு விருந்தில் கைவிளக்கு. நடுப்பள்ளத்தில் கூழாங்கல் பரப்பியிருக்கும், தெறிக்கும் தண்ணீர் அதில் வடியும். கழுவும் முறை: வலக்கையில் அகப்பை பிடித்து இடக்கை கழுவு, மாற்றிப் பிடித்து வலக்கை கழுவு, மறுபடி இடது உள்ளங்கையில் ஊற்றி வாய் கொப்பளி, கடைசியாக மிச்ச நீரோடு அகப்பையை நிமிர்த்து. தண்ணீர் பிடி வழியாக ஓடி, நீ தொட்ட இடத்தை அடுத்தவருக்காகக் கழுவிவிடும். எல்லாம் ஒரே அகப்பை நீரில் முடிய வேண்டும். முதல் கையிலேயே பாதியைக் கொட்டிவிட்டுத் திண்டாடுவது எல்லோரும் செய்வது.

முறைப்படியான நுழைவாயில் நிஜிரிகுச்சி, உயரம் சுமார் 66 செ.மீ., அகலம் 63. வாளோடு வந்த சாமுராயும் அதைக் கழற்றி வெளியே மாட்டிவிட்டுத்தான் நுழைய முடியும். செருப்பைக் கழற்றியபடியே கல்லின் மேல் மண்டியிட்டு, விசிறியை முதலில் உள்ளே வைத்து, கைமுட்டிகளை ஊன்றி, முழங்காலால் நகர்ந்து போக வேண்டும். உள்ளே போனதும் திரும்பிச் செருப்பை எடுத்து, அடிப்பக்கம் இரண்டும் ஒட்ட, சுவரோரம் சாத்தி வைக்க வேண்டும். கடைசி விருந்தாளி கதவை மூடும்போது வேண்டுமென்றே 'டப்' என்று ஒரு சின்னச் சத்தம் எழுப்புவார். சமையல் மூலையில் இருக்கும் வீட்டுக்காரருக்கு அதுதான் மணி, எல்லோரும் வந்தாயிற்று.

போகிறவர்களுக்கு: வெள்ளைச் சாக்ஸ் கையோடு எடுத்துப்போய் அங்கே மாற்றிக்கொள்ளுங்கள். மோதிரம், வளையல், கடிகாரம் வேண்டாம், கிண்ணத்தைக் கீறும். சென்ட் கண்டிப்பாக வேண்டாம். தத்தாமிப் பாயின் துணி ஓரத்தை மிதிக்காதீர்கள். மண்டியிட முடியாதவர்கள் கேட்டால் பிட்டத்துக்கடியில் வைக்கும் குட்டி ஸ்டூல் கிடைக்கும், கேட்பதில் மரியாதைக் குறைவு ஒன்றும் இல்லை.

மாடத்தில் ஒரு எழுத்துச் சுருள், ஒரு கூடையில் நாணல் போன்ற சுசுகிப் புல்லும் செம்பருத்தி இனத்து முகுகே பூ ஒன்றும். தோட்டத்தில் பகட்டான பூச்செடி ஒன்றுகூட இல்லாததற்குக் காரணம் இங்கே தெரியும். வெளியே பூத்துக் குலுங்கினால் இந்த ஒற்றைப் பூ எடுபடாது. பூவைக் கூடையில் வைப்பது மே முதல் அக்டோபர் வரை. அந்த ஆறு மாதமும் அடுப்பு தரைக்கு மேல் வைக்கும் ஃபுரோ. நவம்பரில் பாயை வெட்டித் தரைக்குள் இறக்கிய ரோ திறப்பார்கள். ஜப்பானுக்கு வெளியே பல வீடுகளில் கரிக்குப் பதில் மின்சுருள்தான், தீ விதிகள் அப்படி.

இனிப்பு முதலில். வெள்ளைப் பயற்று விழுதில் நிலா வடிவம், திகட்டும் தித்திப்பு. தேநீர் வருவதற்குள் முழுவதையும் சாப்பிட்டு முடித்துவிட வேண்டும். காப்பிக்கு பிஸ்கட் தொட்டுக்கொள்வது போல மாறி மாறிச் சாப்பிட்டால் இரண்டும் கெடும். கசப்பு வந்து விழ ஒரு மெத்தை வேண்டும், அதற்குத்தான் இந்தத் தித்திப்பு.

ஒரு கிண்ணத்துக்கு மூங்கில் கரண்டியில் இரண்டு அள்ளு மாச்சா எனும் பச்சைத் தேயிலைப் பொடி, இரண்டு கிராம் தேறாது. எழுபது மி.லி. தண்ணீர், 80 டிகிரியைச் சுற்றி. கொதிக்கக் கொதிக்க ஊற்றினால் கசப்பு மட்டும் மிஞ்சும். பொடியை அன்று காலை சலித்திருக்க வேண்டும்; சலிக்காத பொடியில் திரண்ட சிறுகட்டிகளை எவ்வளவு அடித்தாலும் உடைக்க முடியாது, நாக்கில் மாவாக வெடிக்கும். மூங்கில் கடைகோலை முதலில் வெந்நீரில் நனைப்பார்கள். காய்ந்த கோலில் அடித்தால் இழை முறிந்து தேநீரில் விழும். அடிக்கும்போது கிண்ணத்தின் அடியை அழுத்தாமல் மணிக்கட்டை மட்டும் முன்னும் பின்னுமாக ஆட்ட வேண்டும், பதினைந்து இருபது வினாடி போதும். தேநீர் மரபுகளில் உராசென்கே வழியில் மேலெல்லாம் நுரை மூடும். ஒமோதெசென்கே வழியில் நுரை குறைவு, ஓரத்தில் பிறை போலத் தெளிந்த நீர் தெரியும். எது உயர்வு என்று கேட்காதீர்கள், தேநீர் ஆறிவிடும்.

குடிக்குமுன் பக்கத்தில் இருப்பவரிடம் 'ஒசாகி நி', உங்களுக்கு முன்னால் நான், என்று ஒரு சொல். கிண்ணத்தை வலமாக இரண்டு முறை சிறிதாகத் திருப்பினால் அதன் அழகான முகப்பு வாய்க்கு நேராக வராமல் விலகும். மூன்று மடக்கு, கடைசி அரை மடக்கை 'சர்' என்று உறிஞ்ச வேண்டும், வீட்டுக்காரருக்கு முடிந்தது என்று தெரிய. மற்ற இடத்தில் அநாகரிகம், இங்கே தகவல்.

எழும்போதுதான் விபத்து. மரத்த காலோடு சட்டென எழுந்த ஒரு மாணவர் பக்கவாட்டில் சரிந்தார். எண்பது வயது மதிக்கத்தக்க ஜப்பானியப் பாட்டி ஒருவர் அவர் முழங்கையைப் பிடித்து, தன் காலைக் காட்டி விளக்கினார்: முதலில் விரல்களை மடக்கித் தரையில் ஊன்று, குதிகாலில் உட்கார், முப்பது எண்ணு, பிறகு எழு. மாணவர் உரக்கவே எண்ணினார்.

செப்டம்பர் 28, ஞாயிறு. வழியில்

சியாட்டில் பஸ். எல்லையில் எல்லோரையும் இறக்கி, மூட்டையோடு வரிசையில் நிறுத்தி, ஒரு பயணியின் ஆவணம் சரியில்லாததால் ஒன்றேமுக்கால் மணி நேரம். ஒரு அம்மாவின் பையிலிருந்து ஆரஞ்சுகளை எடுத்துக்கொண்டார்கள். பழம் கொண்டுபோகாதீர்கள். நகரத்துக்குப் போய்ச் சேர்ந்தபோது அங்கே பார்க்கவிருந்த ஜப்பானியத் தோட்டம் மூடும் நேரம்.

செப்டம்பர் 29, திங்கள். சியாட்டில்

திங்களன்று சியாட்டில் தோட்டத்துக்கு விடுமுறை. நேற்றைய தாமதத்தின் வினை.

அந்த நாளில் வாஷிங்டன் பல்கலைக்கழக வளாகம் பார்க்கலாம். நடுச்சதுக்கத்தில் நிற்கும் யோஷினோ செர்ரி மரங்கள் முதலில் மரக்காட்சிப் பூங்காவில், நாளைய தோட்டத்துக்கு அருகில் இருந்தவை. 520ஆம் எண் நெடுஞ்சாலை வந்தபோது, 1960களின் தொடக்கத்தில், வேரோடு பெயர்த்து இங்கே நட்டார்கள். மார்ச்சில் கூட்டம் தாங்காது. இப்போது இலை பழுப்பு, அணில்கள் மட்டும்.

சாப்பாடு: 'தெரியாகி' கோழி (இனிப்புச் சோயாச் சாறு பூசி வாட்டியது), சோறு, வெள்ளரிக்காய் சாலட், 15 டாலர். 1976இல் தொடங்கிய இந்த ஊர் வழக்கம் இது, ஜப்பானில் இந்த உருவத்தில் கிடைக்காது. ஒரு தட்டு இரண்டு பேருக்குக் காணும்.

செப்டம்பர் 30, செவ்வாய். சியாட்டில்

மேடிசன் தெருவில் இறங்கி மரங்களுக்கிடையே நடை. நுழைவுச்சீட்டு பத்து டாலரை ஒட்டி. வெயில், 19 டிகிரி.

வான்கூவர் தோட்டம் பிறந்த அதே 1960இல் இதுவும் பிறந்தது, மூன்றரை ஏக்கர். அமைத்தவர் ஜூகி ஈதா. மோரி மரத்தில் செய்ததை ஈதா கல்லில் செய்தார். கேஸ்கேட் மலைகளுக்குப் போய் ஐந்நூறுக்கு மேற்பட்ட பாறைகளைத் தானே பொறுக்கி, ஒவ்வொன்றும் எந்தப் பக்கம் பார்த்து உட்கார வேண்டும் என்று நின்று சொல்லி வைத்தார். தெற்கே அருவி, நடுவே ஏரி, வடக்கே மீனவத் துறைமுகம் போலக் கட்டிய கரை. மலையிலிருந்து கடலுக்குப் போகும் தண்ணீரோடு நாமும் நடக்கிறோம். அந்த ஆண்டு பட்டத்து இளவரசர் அகிஹிதோ ஒரு செர்ரியும் இளவரசி மிச்சிகோ ஒரு வெள்ளை பர்ச் மரமும் நட்டார்கள்.

இங்கே தேநீர் வீடு தோட்டத்துக்கு மூத்தது. டோக்கியோ நகரம் 1959இல் பல்கலைக்கழகத்தின் மரக்காட்சிப் பூங்காவுக்குப் பரிசாக அனுப்பியது. 1973இல் யாரோ வைத்த தீயில் எரிந்து சாம்பலானது. மரம், காகிதம், வைக்கோல் கலந்த மண்சுவர். பிடித்தால் அணைக்க நேரம் கிடைக்காது. 1981இல் உராசென்கே மரபினர் உதவியோடு மறுபடி கட்டினார்கள். தோட்டத்தின் பொறுப்பு பல்கலைக்கழகத்திடமிருந்து நகராட்சிக்குப் போனதும் அதே ஆண்டில். புதிய வீட்டுக்கு உராசென்கே தலைவர் வைத்த பெயர் ஷோசெய்-ஆன், பைன் மரத்தின் குரல். வெளியே பைன் நிற்கிறது என்பதற்காக மட்டும் அல்ல. இரும்புக் கெண்டியில் தண்ணீர் பதமாகக் கொதிக்கும் ஓசைக்கே தேநீர்க்காரர்கள் வைத்த பெயர் மட்சுகாசே, பைன் காற்று. கெண்டியின் அடியில் சிறு இரும்புத் துண்டுகளை ஒட்டி அந்த ஓசையை வரவழைப்பதும் உண்டு.

ஒரு முறை எரிந்த வீட்டைத் திரும்பக் கட்டுவதற்குப் பணம் ஒரு பங்குதான். அதைத் திறந்து, காற்றாட விட்டு, பாயைத் துடைத்து, மாதம் சில தடவையாவது தண்ணீர் கொதிக்க வைக்க ஆள் வேண்டும். மூடியே வைத்த வீட்டில் பாய் பூஞ்சணம் பிடிக்கும், நகரும் கதவு ஈரத்தில் உப்பித் தவாளிப்பில் சிக்கும், காகிதத்தில் வெள்ளிப்பூச்சி ஏறும். அந்த ஆட்களைத் தேநீர் மரபு தந்தது, அதனால்தான் இந்த வீடு நிற்கிறது. நன்கொடைப் பலகைகளில் இந்த விஷயம் வருவதில்லை.

இன்று தேநீர் நாள் இல்லை. வேலிக்கு வெளியே நின்றபடி பெஞ்சு, நடுவாயில், தொட்டி, சின்னக் கதவு என்று வரிசையாக அடையாளம் காண முடிந்தது. உள்ளே ஒரு தோட்டக்காரர் காய்ந்த பைன் ஊசிகளைக் கையாலேயே உருவிக்கொண்டிருந்தார். மொமியாகே என்ற இந்த வேலை இலையுதிர் காலத்தில் தொடங்கும்: பழைய ஊசிகளை மட்டும் கீழ்நோக்கி இழுத்து எடுப்பது, இந்த ஆண்டு ஊசியைத் தொடுவதில்லை. நடுத்தர மரம் ஒன்றுக்கே முழு நாள் பிடிக்கும். கையுறை போட்டால் எது பழையது என்று விரலுக்குத் தெரியாது.

நாலரை மணிக்கு அவர் வாளியையும் தரைவிரிப்பையும் சுருட்டிக்கொண்டு வெளியே வந்தார். கடைசிப் படிக்கல்லைக் கையால் துடைத்தார். வாயிலோரம் கிடந்த காவல் கல்லைப் பிடியைப் பிடித்துத் தூக்கி அதன் நடுவில் வைத்தார், சற்றுச் சாய்ந்திருக்கிறது என்று கட்டைவிரலால் நகர்த்தினார், ஏணியை எடுத்துக்கொண்டு போனார்.